உதட்டுப் பிளவுடன் பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை எதை மாற்றும்?

முகக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைக்குச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்தால் அதன் வாழ்க்கை உண்மையிலேயே மேம்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதட்டுப் பிளவோடு, வாயின் மேற்கூரையான அண்ணத்திலும் பிளவுடன் பிறந்த ஒரு பெண்ணின் தாயாகச் சொல்கிறேன்: மேம்படும். ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்திலேயே மேம்படும் என்பதில்லை.

நான்காம் மாதத்தில் உதட்டையும், ஒரு வயதை ஒட்டி அண்ணத்தையும் சேர்த்துத் தைத்தார்கள். உதடு சேர்ந்ததும் பார்ப்பவர்களின் பார்வை மாறியது. அவளுடைய அன்றாடத்தை மாற்றியதோ அண்ணமும், அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்ட பேச்சுப் பயிற்சியும்தான். பேசும்போது அண்ணத்தின் பின்பக்கத்து மென்மையான பகுதியான மென்னண்ணம் மேலெழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் காற்று கசிந்து ‘பாப்பா’ என்பது ‘மாம்மா’ என்று ஒலிக்கும். பயிற்சியாளர் அவள் மூக்கின்கீழ் சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ‘பாப்பா’ சொல்லச் சொல்வார். ஆவி படிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. முதன்முறை ஆவி படியாத அன்று, அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டினாள்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது, உதட்டுத் தழும்பைச் சீராக்கிவிடலாம் என்று நானும் கணவரும் முன்பே முடிவெடுத்துவிட்டு மருத்துவரிடம் போனோம். அவர் அவளிடமே கேட்டார். “தழும்பு இருக்கட்டும், தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது, அதை நிறுத்துங்கள்” என்றாள். மேல் ஈறில் சிறு துளை ஒன்று மூடாமல் இருந்திருக்கிறது. அதனால் பள்ளியில் யார் கண்ணிலும் படாமல்தான் தண்ணீர் குடித்து வந்திருக்கிறாள். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

குறை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு குழந்தையின் வருத்தத்தை அளக்க முடியாது. ‘கிளெஃப்ட்-கியூ’ என்ற கேள்வித்தாள் தோற்றம், பேச்சு, உண்பது, பள்ளி, மனநிலை ஆகியவற்றைப் பற்றி பிளவுடன் பிறந்த, 8 முதல் 29 வயது வரையுள்ளவர்களிடமே நேரடியாகக் கேட்பது இதனால்தான்.

சில சிகிச்சைகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஈறுப் பிளவில் எலும்பு ஒட்டுவதை, நிரந்தரக் கோரைப்பல் முளைக்கும் முன்பே செய்வது நல்லது. அவளுக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்தபோதே அந்தத் துளையையும் மூடினார்கள். மூக்கின் வடிவத்தை முழுமையாகத் திருத்துவதற்கு முகம் வளர்ந்து முடிய வேண்டும். தழும்பு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருக்கும். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. அதைப் பற்றி அவள் இன்னும் பேச்செடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.