வாசகர் கேள்வி – பதில்: விரல் மையும் வாக்குப் பெட்டியும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேர்தலைப் பற்றியவை. ஆகவே கிரிக்கெட், சினிமா பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். இம்முறை முழுவதும் வாக்கைப் பற்றியே பேசுவோம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் சில தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராகப் பணியாற்றியவன் என்பதால், இந்தக் கேள்விகள் எனக்கு மிகவும் நெருக்கமானவை.

வாக்களித்தவர் விரலில் வைக்கும் மை, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் ஏன் போவதில்லை?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

அது வெறும் சாயமாக இருந்திருந்தால் போயிருக்கும். அந்த மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. விரலில் பட்டதும் அது தோலிலுள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாக மாறி, வெளிச்சம் பட்டுக் கறுத்துவிடுகிறது. அது தண்ணீரில் கரைவதில்லை. தோலில் விழுந்த கறை, பழைய தோல் உதிர்ந்து புதுத்தோல் வரும்போது சில நாட்களில் மறைகிறது. நகத்தில் விழுந்ததோ நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை வாரக்கணக்கில் நிற்கிறது. இடது ஆட்காட்டி விரலில் நகத்தையும் தோலையும் சேர்த்துக் கோடாக இழுப்பது 2006 முதல் வழக்கமாகியிருக்கிறது. இந்த மையை 1962 பொதுத்தேர்தல் தொட்டுத் தயாரித்து வருவது கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-இல் அரக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கியது அது. செய்முறையை வகுத்துத் தந்தது தேசிய இயற்பியல் ஆய்வகம். பத்து மில்லி குப்பி ஒன்று ஏறத்தாழ எழுநூறு பேருக்கு வரும்.

முதல் தேர்தல் பணியில் எனக்குக் கிடைத்த வேலை இந்த மைக்குப்பிதான். குப்பி சாய்ந்து கொட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒரு தகர டப்பாவில் மணலை நிரப்பி, அதில் குப்பியை முக்கால்வாசி புதைத்து நிறுத்தச் சொல்வார்கள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் துணியால் துடைக்க வேண்டும்; மை வைத்த பிறகே பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குப் போவதற்குள் மை உலர்ந்துவிடும் என்பதற்காக அமைந்த வரிசை அது. வயல் வேலையிலிருந்து நேராக வந்த ஒரு மூதாட்டியின் விரல் ரேகைகளுக்குள் சேறு காய்ந்து கிடந்தது. துடைத்துவிட்டு மெல்லியதாக ஒரு கோடு இழுத்தேன். “நல்லா அழுத்தி வைங்க தம்பி, பேத்திகிட்டக் காட்டணும்” என்றார். அதன் பிறகு அன்று மாலை வரை ஒரு விரலிலும் நான் ஒப்புக்குக் கோடு இழுக்கவில்லை.

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வந்த படிவத்தில் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல் விவரத்தைக் கேட்டார்கள். அன்று என் பெயர் பிறந்த ஊரில், வேறு எழுத்துகளில் இருந்தது. பெண்களுக்கு ஏன் இத்தனை அலைச்சல்?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, திருமணமாகி ஊர் மாறிய பெண்கள் பலர் தாய்வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, தந்தையின் வாக்குச்சாவடி எண்ணையும் வரிசை எண்ணையும் தேடி எடுக்க வேண்டியிருந்ததை நானும் பக்கத்து வீடுகளில் கண்டேன். ஆண் பெரும்பாலும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறான். பெண்ணுக்கு ஊரும் மாறுகிறது, தலைப்பெழுத்தும் மாறுகிறது. பட்டியல் பிழையின்றி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை அடிக்கடி இடம்பெயர்பவர் தலையிலேயே விழும் என்றால், சுமையைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

இந்தச் சிக்கல் குடியரசின் வயதை உடையது. 1951–52-இல் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கச் சென்றபோது, வட மாநிலங்கள் சிலவற்றில் ஏராளமான பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் தாய்” என்றே பதிவு செய்துகொண்டார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் ஒருவரையும் வாக்காளராக ஏற்க முடியாது என்று உறுதியாக நின்றார். கால அவகாசம் கொடுத்தும் பெயர் சொல்லாதவர்கள் நீக்கப்பட்டார்கள். அப்படி விடுபட்டவர்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர். அவர் செய்தது கடுமையாகத் தோன்றலாம். எனினும் அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் மிகப் பலர் தம் பெயரோடு பட்டியலுக்குள் வந்தார்கள். யாரோ ஒருவரின் மனைவியாக அன்றி, தன் பெயரால் அரசின் ஏட்டில் ஒரு பெண் இடம்பெற வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6, எழுத்துப் பிழையோ முகவரி மாற்றமோ என்றால் படிவம் 8. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வாக்கால் வெற்றி தோல்வி மாறியது உண்டா?
– சிறு வணிகர், விருதுநகர்

உண்டு, அதுவும் நம் காலத்திலேயே இருமுறை. 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் துருவநாராயண் 40,752 வாக்குகளும் ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி 40,751 வாக்குகளும் பெற்றார்கள். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில், அப்போது மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி.ஜோஷி 62,215 வாக்குகள் பெற்று, ஒரே வாக்கில் தோற்றார்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை நீங்கள் நம்புகிறீர்களா? நேரடியாகப் பதில் சொல்லவும்.
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்

நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கை இயந்திரத்தின் மீது மட்டும் வைத்தது அன்று. அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் மீதும், அவர்கள் கையிலிருக்கும் காகிதங்கள் மீதும் வைத்தது.

இயந்திரம் வந்த கதையே பலருக்குத் தெரியாது. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில்தான் அது முதன்முதலில் வைக்கப்பட்டது. தோற்ற வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் வழக்குத் தொடுக்க, இயந்திரத்தால் வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தச் சாவடிகளில் வாக்குச்சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் வென்றார். பிறகு சட்டத்தைத் திருத்தி, 1998-இல் சில தொகுதிகளில் மீண்டும் தொடங்கி, 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும், 2004-இல் நாடு முழுவதும் இயந்திரம் வந்தது. யாருக்குப் போட்டோம் என்பதை ஏழு வினாடிகள் காட்டும் ஒப்புகைச் சீட்டுக் கருவி 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அறிமுகமாயிற்று.

வாக்குப்பதிவு நாளன்று விடியும் முன்பே சாவடியில் ஒரு சடங்கு நடக்கும். கட்சி முகவர்கள் சுற்றி நிற்க, குறைந்தது ஐம்பது மாதிரி வாக்குகள் போட வேண்டும். ஒவ்வொன்றும் யாருக்கு என்பதை ஒருவர் தாளில் குறித்துக்கொண்டே வருவார். முடித்து, எண்ணிக்கையைக் காட்டி, தாளோடும் ஒப்புகைச் சீட்டுகளோடும் ஒத்துப் பார்த்து, பிறகு அந்த வாக்குகள் முழுவதையும் அழிக்க வேண்டும். முடி, காட்டு, அழி என்ற இந்த மூன்று செயல்களையும் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு மந்திரம்போல் ஓதுவார்கள். கடைசியாகச் சொன்ன அழிப்பதை மறந்துவிட்டால் அன்றைய கணக்கு முழுவதும் குழம்பிவிடும் என்ற அச்சத்தில், தலைமை அலுவலராக இருந்த தேர்தலில் நான் திரையில் பூச்சியம் தெரிகிறதா என்று மூன்று முறை பார்த்தேன். முகவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துப் பார்க்கச் சொன்னேன். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும், மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதை 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஒவ்வொரு முகவருக்கும் அதன் நகலைக் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளில் இயந்திரம் வேறு தொகையைக் காட்டினால், அந்தப் படிவமே சாட்சி சொல்லிவிடும்.

எனக்குள்ள மனக்குறை ஒன்றே. அந்த நகலை வாங்கிக்கொள்ளாமல், அல்லது வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்து மறந்துவிட்டுப் போகும் முகவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோற்ற பிறகு இயந்திரத்தைக் குறை சொல்லும் கட்சிகள், தம் முகவர்களுக்கு ஒரு நாள் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தாலே சந்தேகத்தில் பெரும்பகுதி தீரும். மறுபுறம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை மட்டுமே எண்ணுவதை இன்னும் சற்றுக் கூட்டலாம் என்பது என் கருத்து. எண்ணி முடிக்க அரை நாள் கூடுதலாகட்டும்; தோற்றவரும் மனதார ஏற்கும் முடிவுக்கு அது பெரிய விலை அன்று.

நோட்டா அதிக வாக்குகள் பெற்றால் தேர்தல் ரத்தாகுமா?
– பொறியாளர், கோவை

ஆகாது. உச்ச நீதிமன்றத்தின் 2013 செப்டம்பர் தீர்ப்பால் வந்த வசதி அது. நோட்டா எத்தனை பெற்றாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர். இதில் எனக்கு ஏமாற்றம் உண்டு.

உத்திரமேரூர்க் குடவோலைதான் உலகின் முதல் மக்களாட்சி என்று மேடைகளில் சொல்கிறார்களே?
– தமிழாசிரியர், காஞ்சிபுரம்

பெருமைப்பட நிறைய இருக்கிறது, மிகைப்படுத்தத் தேவையில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டுகள் அவை. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது குலுக்கல், வாக்களிப்பு அன்று. அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊரின் சபை. காணி நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடைய ஆண்களுக்கே இடம். உழுத குடிகளுக்கும் பெண்களுக்கும் அதில் பங்கில்லை என்பதை மாணவர்களுக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

என்னை வியக்க வைப்பது, யாரை விலக்கினார்கள் என்ற பட்டியல். முன்பு வாரியத்தில் (ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவருக்கும் வாய்ப்பில்லை. பதவி ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

தேர்தல் துண்டறிக்கைகளைச் சேர்ப்பது தங்கள் பொழுதுபோக்கு என்று முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். அதில் என்ன சுவை?
– அஞ்சல் தலை சேகரிப்பாளர், ஈரோடு

உங்களுக்கு அஞ்சல் தலையின் முத்திரையில் இருக்கும் சுவைதான் எனக்கு இதில். என்னிடம் உள்ளவற்றில் நான் மிகவும் போற்றுவது 1989 சட்டமன்றத் தேர்தலின் இரண்டு தாள்கள். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி இரண்டாகி இரட்டை இலை முடக்கப்பட்டதால், ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் வென்ற நாள் முதல் இலையையே பார்த்துப் பழகிய மக்களுக்குப் புதுச் சின்னங்களைச் சில வாரங்களில் மனத்தில் பதிக்க வேண்டும் என்ற பதற்றம் அந்தத் தாள்களில் தெரிகிறது. சேவல் தாளின் பாதியை மறைத்து நிற்கிறது. வேட்பாளர் பெயர் அதன் காலடியில் சிறிய எழுத்தில்.

நீங்கள் ஈரோட்டுக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1996-இல் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகள் யார் காதிலும் விழவில்லை என்பதைக் காட்டுவதற்காக விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். அன்றைய வைப்புத்தொகை 250 ரூபாய்தான். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. அதன் பிறகு வைப்புத்தொகை 5,000 ஆகவும், 2009-க்குப் பின் 10,000 ஆகவும் உயர்ந்தது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அந்தத் தேர்தலின் வாக்குச்சீட்டுப் புத்தகத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதில் நின்ற விவசாயிகளுள் ஒருவராவது தமக்கென்று ஒரு துண்டறிக்கை அச்சடித்திருப்பார் என்று நம்பித் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்துப் பழைய அச்சகங்களில் கேட்டுப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் துண்டறிக்கை அச்சிடக் கூடாது என்பது சட்டம்; ஆகவே எதைக் கண்டெடுத்தாலும் முதலில் அடிவரியைப் படியுங்கள், எந்தத் தெருவில் அச்சானது என்று அதில் இருக்கும்.