சர்ச் பேன்ட்ரி: கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் கஷ்டப்படுகிறவர்களுக்கு மளிகைப் பை இலவசமாகக் கட்டிக் கொடுக்கிறோம். இதைத்தான் பேன்ட்ரி என்கிறோம். சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

கே: ஃபுட் பேங்கும் பேன்ட்ரியும் ஒன்றுதானே, அக்கா?

இல்லை தம்பி. பேங்க் என்பது குடோன். லாரியில் வருவதைப் பிரித்து அனுப்பும். தேவைப்படுகிற குடும்பத்தின் கையில் கொடுப்பது பேன்ட்ரி. முதல் ஃபுட் பேங்கே சர்ச் தயவில் பிறந்ததுதான். 1967இல் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கினார். கட்டடம் செயின்ட் மேரி தேவாலயம் கொடுத்தது.

கே: ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறேன். பார்ட் டைம் வேலை போய்விட்டது. நான் இந்து. வரலாமா?

வாப்பா. பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர், இவ்வளவுதான் கேட்போம். விசா கேட்பதில்லை. அரசு தரும் சாமான் வேண்டுமென்றால் மட்டும், வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு தாளில் கையெழுத்து. அதில் தயக்கமிருந்தால் முதலில் உன் காலேஜில் விசாரி, பல காலேஜில் சொந்த பேன்ட்ரியே உண்டு. ஜெபம் பண்ணினால்தான் பை என்று அரசு சாமான் கொடுக்கும் இடத்தில் சொல்லவே கூடாது, அது சட்டம். போன மாதம் ஒரு பையன் கார் பார்க்கிங்கில் போன் பேசுவதுபோல் நின்றுகொண்டே இருந்தான். வரிசை காலியான பிறகுதான் உள்ளே வந்தான். நீ அப்படி நிற்காதே. நல்ல காய்கறி முதலில் தீர்ந்துவிடும்.

கே: தேதி தாண்டின டின் கொடுக்கிறீர்களாமே?

கொடுக்கிறோம். 'பெஸ்ட் பை' என்பது ருசிக்கான தேதி. கைக்குழந்தை ஃபார்முலா மட்டும் தேதி தாண்டினால் நேரே குப்பை. டின்னில் நான் பார்ப்பது விளிம்பை. கட்டைவிரலால் தடவிக்கொண்டே வருவேன். மடிப்பில் நசுங்கல் இருந்தாலோ மூடி உப்பியிருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுவேன். நடுவில் லேசாக அமுங்கியிருந்தால் பரவாயில்லை.

கே: நவராத்திரிக்கு எங்கள் அபார்ட்மெண்ட்டில் சாமான் சேர்க்கிறோம். என்ன தரலாம்?

பணம் தாருங்கள். ஃபுட் பேங்க் மொத்த விலையில் வாங்கும், உங்களால் முடியாது. பொருள்தான் என்றால் இழுத்துத் திறக்கிற மூடி உள்ள டின். மோட்டலில் ஒண்டியிருப்பவரிடம் கேன் ஓப்பனரும் இருக்காது, அடுப்பும் இருக்காது. டயப்பர், சோப்பு, நாப்கின் கொடுங்கள். உணவு வாங்க அரசு தரும் ஸ்நாப் கார்டில் அவை வாங்க முடியாது. அரிசி 2 பவுண்டு பையாக இருக்கட்டும், 20 பவுண்டு மூட்டையைப் பஸ்ஸில் யார் தூக்குவது? பூசணிக் கூழ் டின் மட்டும் வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நவம்பரில் வந்தது மார்ச் வரை அலமாரியில் என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

கே: கோவிலில் மிஞ்சிய புளியோதரை?

சமைத்தது வாங்குவதில்லை. சூடாக வைத்திருக்க வசதி இல்லை.

கே: காலேஜ் அப்ளிகேஷனுக்கு என் மகனுக்குச் சேவை மணிநேரம் வேண்டும். அனுப்பலாமா?

அனுப்புங்கள், பெட்டி தூக்க ஆள் இல்லை. ஒன்றே ஒன்று சொல்லி அனுப்புங்கள்: வரிசையில் அவன் வகுப்புப் பிள்ளை நின்றால், அந்தப் பிள்ளை முதலில் பேசினால்தான் இவன் பேச வேண்டும்.