மான்செஸ்டர் யுனைடெட்ல இருந்து வேற கிளப்புக்கு மாறினா துரோகமா?

கேள்வி: ஸ்கூல் படிக்கறப்ப இருந்து மான்செஸ்டர் யுனைடெட் ஃபேன். இப்பல்லாம் மேட்ச் பார்க்கவே பிடிக்கல. வேற டீமுக்கு மாறலாம்னு சொன்னா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் துரோகிங்கறாங்க. நீங்க உங்க கிளப்பை எப்படி புடிச்சீங்க, எப்பவாவது மாத்தியிருக்கீங்களா?

துரோகிங்கற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதில் எழுதறேன், இல்லன்னா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருப்பேன்.

நீங்க அனேகமா ரொனால்டோவும் ரூனியும் ஒண்ணா விளையாடுன காலத்துல டிவி பார்த்து ஒட்டிக்கிட்ட ஆளா இருப்பீங்க. கோச் ஃபெர்குசன் 2013ல லீக் ஜெயிச்சுட்டு ரிட்டயர் ஆனாரு, அதோட முடிஞ்சுது, அப்புறம் லீக்னு ஒண்ணு வரவே இல்ல, 2024-25ல பதினஞ்சாவது இடம், அதே சீசன் யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹம்கிட்டயும் தோத்தாச்சு. திங்கக்கிழமை ஆபீஸ் போனா எவனாவது ஒருத்தன் இதை வெச்சே ஓட்டுவான். புரியுது. (அந்த சீசன்ல எங்க எவர்ட்டன் கிளப் பதிமூணாவது. உங்களுக்கு மேல. சும்மா சொல்லி வெச்சேன்.)

ஆமா, நான் எவர்ட்டன். கோயமுத்தூர்ல பொறந்து வளர்ந்த எவர்ட்டன் ஃபேன். சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.

எப்படி புடிச்சேன்னா, நான் புடிக்கவே இல்ல, மிச்சம் இருந்ததை எடுத்துக்கிட்டேன். காந்திபுரத்துல ஒரு சந்துல பிளேஸ்டேஷன் கேம் சென்டர் ஒண்ணு இருந்துச்சு, மணிக்கு இவ்வளவுன்னு காசு. புரோ எவல்யூஷன் சாக்கர்தான் ஆடுவோம். பெரிய பசங்க பார்சிலோனா, மிலன், யுனைடெட்னு எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க, சின்னவங்க நாங்க என்ன கிடைக்குதோ அதான். அந்த கேம்ல நெறைய இங்கிலீஷ் டீமுக்கு லைசென்ஸ் கிடையாது, அதனால நெஜப் பேர் இருக்காது, லிவர்பூலுக்கு மெர்சிசைட் ரெட், எவர்ட்டனுக்கு மெர்சிசைட் ப்ளூ. எனக்கு ப்ளூ வந்துச்சு. அதுல டிம் கேஹில்னு ஒரு ஆளு, ஆள் குட்டை, ஆனா கார்னர் தூக்கிப் போட்டா எவன் தலைக்கு மேலயும் எகிறி ஹெட் பண்ணிடுவான். பெரியண்ணங்க கடுப்பாகி ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி எறிவாங்க. அப்புறம் டிவில நெஜ கேஹிலையே பார்த்தேன், கோல் போட்டுட்டு கார்னர் கொடிக்கம்பத்துகிட்டப் போய் அதைக் குத்துச்சண்டை மாதிரி குத்துவாரு. அவ்வளவுதான், சோலி முடிஞ்சுது.

இதைச் சொன்னா "வீடியோ கேம் பார்த்து வந்தவன்லாம் ஃபேனா"ன்னு கேப்பாங்க. சரிங்க, நீங்க எதைப் பார்த்து வந்தீங்க? பெக்கம் முடியைப் பார்த்து வந்தவங்க இருக்காங்க, 1999ல யுனைடெட் மூணு கப் அடிச்சப்ப வீட்ல அண்ணன் குதிச்சதால வந்தவங்க இருக்காங்க, 2005ல இஸ்தான்புல்ல லிவர்பூல் 3-0ல இருந்து திரும்பி வந்த ராத்திரி தூக்கம் வராம டிவி போட்டவங்க இருக்காங்க. கொல்கத்தாக்காரங்களுக்கு அது வேற, அங்க மோகன் பகான் கிளப்பா ஈஸ்ட் பெங்கால் கிளப்பான்னு பொறக்கறப்பவே வீட்ல முடிவாயிருக்கும். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் கிடையாது. எல்லாருமே ஏதோ ஒரு தற்செயல்ல வந்தவங்கதான், அதுல என்னது மட்டும் என்ன மட்டம்?

இன்னொண்ணு, இந்த துரோகம் துரோகம்னு கத்தறவங்க கொஞ்சம் வரலாறு படிக்கலாம். லிவர்பூல் ஆடற ஆன்ஃபீல்ட் இருக்கே, அது முதல்ல எவர்ட்டன் மைதானம். 1884ல இருந்து அங்கதான் ஆடுனாங்க, 1891ல முதல் லீக் டைட்டிலும் அங்கதான். இடத்துக்கு ஓனர் ஜான் ஹோல்டிங்னு ஒரு பீர் கம்பெனி முதலாளி, வாடகையில தகராறு, 1892ல எவர்ட்டன் மூட்டை கட்டிக்கிட்டு பார்க்கைத் தாண்டி குடிசன் பார்க்குக்குப் போயிட்டாங்க, காலி மைதானத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு ஹோல்டிங் ஆரம்பிச்சதுதான் லிவர்பூல். அப்ப அந்த ஏரியால இருந்த ஃபேன் என்ன பண்ணியிருப்பான்? கிளப்போட நடந்து போனா மைதானத்துக்குத் துரோகி, மைதானத்துலயே நின்னா கிளப்புக்குத் துரோகி.

விம்பிள்டனும் இப்படித்தான். 1988ல லிவர்பூலைத் தோக்கடிச்சு எஃப்ஏ கப் வாங்குன கிளப், 2002ல அதை மில்டன் கீன்ஸ்ங்கற வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு அனுமதி குடுத்துட்டாங்க. ஃபேன்ஸ் சில வாரத்துல ஏஎஃப்சி விம்பிள்டன்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, விம்பிள்டன் காமன்ல ஓப்பன் டிரையல் வெச்சு ஆள் எடுத்து, ஒன்பதாவது டிவிஷன்ல இருந்து ஏறி 2011ல ஃபுட்பால் லீக்குக்கே வந்துட்டாங்க. அவங்க கிளப் மாத்துனாங்களா இல்ல கிளப் அவங்களை மாத்துச்சா, நீங்களே சொல்லுங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன். எவர்ட்டனை நான் மாத்தல. ஆனா எனக்கு இன்னொரு கிளப் இருந்துச்சு, அது போயிருச்சு.

சென்னை சிட்டி எஃப்சி. பேர்ல சென்னை, ஆடுனது எங்க ஊர் நேரு ஸ்டேடியத்துல. விம்பிள்டன் கணக்குல பார்த்தா நாங்கதான் மில்டன் கீன்ஸ்காரங்க, சென்னைல யாராவது அந்த டீமுக்காக வயிறெரிஞ்சிருந்தா மன்னிச்சுக்கோங்க, ஆனா சத்தியமா யாரும் எரிஞ்ச மாதிரி தெரியல. மொதல்ல நான் ஃபேனாலாம் போகல, வண்டி சர்வீசுக்கு விட்டுட்டு நேரம் போக உள்ள போனேன். வ.உ.சி. பார்க் பக்கம் அந்த ஸ்டேடியம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வெளிய சுத்தி கடைங்க, உள்ள ஓட்டப்பந்தய டிராக் இருக்கறதால கேலரிக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல நல்ல தூரம், பிளேயர் முகமே சரியாத் தெரியாது. ஆனா சத்தம் கேக்கும். பந்தை உதைக்கற சத்தம் டிவில கேக்கறது வேற, நேர்ல அது அடிவயித்துல கேக்கும். சூசைராஜ்னு கன்னியாகுமரி கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருத்தர் இடது காலால பந்தை எடுத்துக்கிட்டு உள்ள வெட்டி வர்றப்ப எனக்குப் பின்னாடி இருந்த பெரியவர் "போடு சாமி போடு சாமி"ன்னு முனகிட்டே இருந்தாரு. அதுக்கப்புறம் எவர்ட்டன் மேட்ச் அதே நேரம் இருந்தாலும் நான் ஸ்டேடியம்தான்.

சூசைராஜ் 2018ல ஜாம்ஷெட்பூர் கிளப்புக்குப் போயிட்டாரு. அந்த வருஷம் அங்க யாரு வந்து சேர்ந்தாங்கன்னா டிம் கேஹில்! கேம் சென்டர் கேஹிலும் நேரு ஸ்டேடியம் சூசைராஜும் ஒரே ஜெர்சில. டிவில அதைப் பார்த்துட்டு பக்கத்துல யார்கிட்டயாவது சொல்லணும்னு துடிச்சேன், வீட்ல யாருக்கும் இதோட அருமை புரியல, "சரி, சாப்பிட வா"ன்னாங்க.

எங்க சென்னை சிட்டிக்கு 2018-19 ஐ-லீக் (இந்திய கிளப்புங்க ஆடற லீக்) சீசன்தான் உச்சம். சிங்கப்பூர்ல இருந்து அக்பர் நவாஸ்னு கோச், ஸ்பெயின்ல இருந்து கொஞ்சம் பிளேயர்ஸ், முன்னாடி கோல் போட பெட்ரோ மான்சி, மனுஷன் அந்த சீசன் 21 கோல். கடைசி நாள் 2019 மார்ச் 9, நாங்க 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 39. அவங்களுக்கு கோழிக்கோட்டுல கோகுலம் கூட மேட்ச், எங்களுக்கு இங்க போன வருஷ சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆரம்பிச்சு மூணு நிமிஷம் கூட ஆகல, மினர்வா கோல் போட்டுட்டான். உக்கடம் பசங்க டிரம்ஸ் எல்லாம் கொண்டு வந்திருந்தாங்க, அப்படியே அடங்கிப்போச்சு. எல்லார் கைலயும் ஃபோன், ஒரு கண்ணு கிரவுண்டுல ஒரு கண்ணு கோழிக்கோட்டுல. செகண்ட் ஹாஃப்ல மான்சி பெனால்ட்டி, 1-1. அங்க கோகுலம் கோல் போட்டான்னு யாரோ கத்த, இங்க பந்து அவுட்ல கிடக்கறப்ப கேலரியே எந்திரிச்சு ஆடுது, மினர்வா பிளேயர் ஒண்ணும் புரியாம பார்க்கறான். அப்புறம் எங்க கௌரவ் போரா கோல் போட்டு 2-1. அதுக்குள்ள அங்க ஈஸ்ட் பெங்கால் திருப்பி ரெண்டு போட்டுட்டாங்க, இனி இங்க ஒரு கோல் வாங்கினா கப் கொல்கத்தாவுக்கு. கடைசில போரா இன்னொண்ணு, 3-1. 43க்கு 42, ஒரே ஒரு பாயிண்ட். முன்னபின்ன தெரியாத ஆளைக் கட்டிப் புடிச்சேன், அவரு சட்டைல இருந்த வேர்வை எல்லாம் என் மேல. நாங்க இந்தியாவோட சாம்பியன்!

திங்கக்கிழமை ஆபீஸ்ல சொன்னா ஒருத்தனுக்கும் தெரியல. அதே ஆபீஸ்ல யுனைடெட் வாட்ஸ்அப் குரூப்ல முப்பது பேர் இருக்கான். ஸ்டேடியம் அங்கிருந்து பைக்ல கொஞ்ச தூரம்தான். ஒருத்தன் கேட்டான், "சென்னை சிட்டியா, அது தோனி டீம்தானே?" அது சென்னையின் எஃப்சிடா, இது வேறடா. இவங்கதான் எனக்கு விசுவாசம்னா என்னன்னு கிளாஸ் எடுப்பாங்க.

அப்புறம் என்னாச்சுன்னா, மான்சி 2020 ஆரம்பத்துல ஜப்பான் போயிட்டாரு, கொரோனா வந்துச்சு, அடுத்த சீசன் எல்லா மேட்சும் மேற்கு வங்கத்துலயே பூட்டுன ஸ்டேடியத்துல நடந்துச்சு, அதுக்கடுத்த சீசன் லீக்ல எங்க பேரே இல்ல. இழுத்து மூடறோம்னு எங்ககிட்ட வந்து யாரும் சொல்லல. நான் கிளப்பை மாத்தல, கிளப் கிளம்பிப் போயிருச்சு. இதுல துரோகி யாருங்க?

இது கேள்விக்கு சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லணும். ஊர்ல ஃபுட்பால் இல்லாமப் போனதுக்கு நான் கிளப் ஓனரை மட்டும் குத்தம் சொல்லமாட்டேன். நாங்க ஆடுன கிரவுண்ட் எல்லாம் எங்க? நான் படிச்ச ஸ்கூல் கிரவுண்ட்ல பாதி இப்ப பஸ் பார்க்கிங், மீதிக்கு கேட்டைப் பூட்டி வாட்ச்மேன் போட்டுட்டாங்க. பசங்க பந்து உதைக்கணும்னா டர்ஃப் புக் பண்ணணும், சனி ஞாயிறு ராத்திரி ஸ்லாட்னா மணிக்கு ஆயிரத்துக்கு மேல, அதுலயும் பாதி பேர் பாக்ஸ் கிரிக்கெட். காசு பிரிச்சு ஆடற பையன் ஒரு மணி நேரம் ஆடிட்டு வீட்டுக்குப் போயிடறான். நாங்கல்லாம் இருட்டி பந்து தெரியாமப் போற வரைக்கும் ஆடுவோம். சூசைராஜ் மாதிரி ஆளுங்க கடற்கரை மணல்ல இருந்துதான் வர்றாங்க, எங்க ஊருக்கு கடலும் கிடையாது. சரி விடுங்க.

உங்க கேள்விக்கு வர்றேன். மாறணுமா, தாராளமா மாறுங்க. மான்செஸ்டர்ல உங்க தாத்தா மில்லுல வேலை பார்த்துட்டு சனிக்கிழமை மேட்ச் போனாரா என்ன? டிவில வந்தது டிவிலயே போகட்டும். ஆனா ஜெயிக்கற டீமாப் பார்த்து மாறுனா அது மூணு வருஷத்துல திரும்ப இதே கேள்வியைக் கேக்க வைக்கும், அதையும் சொல்லிடறேன். எவர்ட்டன் கடைசியா கப் வாங்குனது 1995. 2023 மே 28, போர்ன்மவுத் கூட ஜெயிச்சே ஆகணும், இல்லன்னா 1954ல இருந்து விடாம இருந்த முதல் டிவிஷன்ல இருந்து கீழ போயிடுவோம். டூகுரே பாக்ஸுக்கு வெளிய இருந்து ஒண்ணு விட்டாரு, 1-0, தப்பிச்சோம். அடுத்த சீசன் கணக்கு வழக்குல விதியை மீறிட்டாங்கன்னு பத்து பாயிண்ட் வெட்டி, அப்பீல்ல அதை ஆறா குறைச்சு, மறுபடியும் ரெண்டு வெட்டுனாங்க. என் தம்பி கேட்டான், "இதுக்கு எதுக்குண்ணா ராத்திரி முழிச்சுக்கிட்டு?" பதில் இல்ல. ஆனா 2025 மே மாசம் குடிசன் பார்க்குல ஆண்கள் டீமோட கடைசி மேட்ச் நடந்தப்ப, ஒரு தடவை கூட மிதிக்காத மைதானத்துக்காக எனக்குக் கண்ணு கலங்குச்சு. இதை நான் விசுவாசம்னு பெருமையா சொல்லிக்கல, பழக்க தோஷம்னு கூட வெச்சுக்கோங்க. உங்களுக்கு யுனைடெட் மேல அந்த மாதிரி ஒண்ணும் இல்லன்னா எதுக்கு வாராவாரம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கறீங்க?

எடிட்: "அப்ப சென்னையின் எஃப்சிக்கு மாற வேண்டியதுதானே, தமிழ்நாட்டு டீம்தானே"ன்னு கமெண்ட்ல கேட்டிருக்கீங்க. அவங்க ரெண்டு தடவை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஜெயிச்சிருக்காங்க, 2015 ஃபைனல்ல கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துல கோவாவைக் கவுத்தது இன்னும் மறக்கல, வெள்ளம் வந்து சென்னைல ஆட முடியாம செமிஃபைனல் ஹோம் மேட்சை புனேல ஆடிட்டு வந்த டீம் அது. மரியாதை உண்டு. ஆனா கோயமுத்தூர்ல இருந்து மேட்சுக்கு ராத்திரி டிரெயின் ஏறணும், இல்லன்னா டிவில பார்க்கணும். டிவில பார்க்கத்தான் எனக்கு எவர்ட்டன் இருக்கே.