நீலத்துக்குப் பக்கத்துல கறுப்பு வெளிறுதுங்களா?

சென்னிமலை நண்பருக்கு: ஒரே லாட் (ஒரே தடவையில சாயம் போட்ட) கறுப்பு நூல், மஞ்சள் பெட்ஷீட்டுல பளிச்சுன்னும் நீலத்துல பழுப்படிச்சும் தெரியுதுன்னு சாயப்பட்டறைக்காரர்கிட்டச் சண்டைக்குப் போயிடாதீங்க. முதல்ல ஒரு வெள்ளை அட்டையில ரெண்டு சின்ன ஓட்டை போடுங்க. ரெண்டு துணியோட கறுப்புக் கோடு மட்டும் ஓட்டையில தெரியுற மாதிரி, பகல் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணாத் தெரிஞ்சா சாயத்துல குறையில்லீங்க. (டியூப் லைட்டை நம்பாதீங்க, அது தனித் தொல்லை.)

பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்துலயும் இதே புகார்தான். 1824-ல அங்கே சாயப் பொறுப்புக்கு வந்த வேதியியலாளர் ஷெவ்ரெல் சோதிச்சதுல, கறுப்பு நூல் நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்துல இருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்க வெச்சுது. நீலம் தன்னோட எதிர் நிறமான ஆரஞ்சுச் சாயலைப் பக்கத்து நிறத்து மேல ஏத்திக் காட்டும். 1839-ல இதைப் புத்தகமாவே போட்டார். நூலுக்காகப் பண்ணின ஆராய்ச்சி, ஓவியர் ஜார்ஜ் சூரா வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு!

அந்த ஆரஞ்சுச் சாயலை ஈடுகட்ட, லேசா நீலச் சாயல் கொடுத்த கறுப்பு நூலை ஊடையில (குறுக்கு நூல்ல) விட்டு அரை முழம் நெய்து பாருங்க, அப்புறம் பாவுக்கு (நெடுக்கு நூலுக்கு) போலாம். நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவுல நாலு இழை வெள்ளை விடுறதும் ஒரு வழிதான். ஆனா டிசைனே மாறிடும், எனக்குப் பிடிக்கலீங்க.