டி செல்லைக் கிளப்பிவிடுவது யார்? – கேள்வி பதில்

கேள்வி: மேடம், கிருமி நுழைந்ததும் டி செல் என்ற வெள்ளை அணு நேரே போய்த் தாக்குமா?

பதில்: தாக்காது. கிருமியின் புரதத்தை டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் துண்டாக்கி, தன் மேற்பரப்பிலுள்ள எம்ஹெச்சி புரதத்தில் ஏந்திக் காட்ட வேண்டும். அந்தத் துண்டு டி செல்லின் ஏற்பியில் பொருந்தினால் எல்சிகே என்ற நொதி ஏற்பியின் உள்வாலில் பாஸ்பேட்டை ஒட்டும். அங்கே சாப்-70 என்ற இன்னொரு நொதி வந்து உட்காரும். அப்புறம் சேதி கைமாறி, ஒரு நிமிடத்துக்குள் செல்லுக்குள்ளே கால்சியம் ஏறும். அது கால்சினியூரின் என்ற நொதியைக் கிளப்பும். கால்சினியூரின் என்எஃப்ஏடி புரதத்தின் பாஸ்பேட்டைக் கழற்றிவிட, அது உட்கருவுக்குள் போய், டி செல்லைப் பெருக வைக்கும் ஐஎல்-2 புரதத்தின் மரபணுவை இயக்கும்.

கேள்வி: நம் சொந்தப் புரதத்தைக் காட்டினாலும் கிளம்பிவிடுமே?

பதில்: அதற்குத்தான் இரண்டாவது அனுமதி. டி செல்லின் சிடி28 என்ற இன்னொரு ஏற்பியை டென்ட்ரிடிக் செல்லின் பி7 புரதம் தொட வேண்டும். கிருமியின் வாடை பட்டால்தான் பி7 நிறைய வரும். முதல் சேதி மட்டும் வந்தால் டி செல் மரத்துப்போகும். இந்த ஏற்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்பது 2006 மார்ச்சில் லண்டனில் தெரிந்தது. முதல் சேதி இல்லாமலே சிடி28-ஐ முடுக்கும் டிஜிஎன்1412 மருந்தை 6 தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான். ஆறு பேருக்கும் பல உறுப்புகள் செயலிழந்தன; நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். சோதனைக் குரங்குகளின் நினைவு டி செல்களில் (முன்பு வந்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) ஒரு வகைக்கு சிடி28 கிடையாது. அதனால்தான் ஆபத்து முன்கூட்டியே தெரியவில்லை.

கேள்வி: அப்பாவுக்குக் கிட்னி மாற்றியிருக்கிறோம். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார். பம்பளிமாஸ் கூடாதாமே?

பதில்: கூடாது. டாக்ரோலிமஸ் கட்டிப்போடுவது மேலே சொன்ன கால்சினியூரினைத்தான். ஐஎல்-2 குறைந்தால் டி செல் பெருகாது, புதுக் கிட்னி தப்பிக்கும். குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைப் பம்பளிமாஸ் முடக்குகிறது. ரத்தத்தில் அளவு ஏறினால் கை நடுங்கும், கிட்னியே கெடும். கிரேப்ஃப்ரூட்டும் அப்படியே. அதற்காக மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: புற்றுநோய்க்குப் போடும், பிடி-1-ஐத் தடுக்கும் ஊசி என்ன செய்கிறது?

பதில்: பிடி-1 டி செல்லின் பிரேக். சில புற்றுக்கட்டிகள் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி அதை அழுத்துகின்றன; ஊசி அதைத் தடுக்கிறது. பிடி-1-ஐக் கண்டறிந்த ஹோஞ்சோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கில் வேலை செய்த ஆலிசனுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது.

கேள்வி: கிட்னி மாற்றியவருக்குப் புற்றுநோய் வந்தால் இந்த ஊசி போடலாமா?

பதில்: சிக்கலான கேள்வி. பிரேக் விட்டதும் டி செல்கள் மாற்றிய கிட்னியையே தாக்கிய நோயாளிகள் உண்டு. கிட்னி போனால் டயாலிசிஸாவது இருக்கிறது, மாற்றிய கல்லீரலுக்கு அந்த வழியும் இல்லை. புற்றுநோய் மருத்துவரும் கிட்னி மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.