வீட்டில் பாட்டு பதிவு செய்ய எதை முதலில் வாங்குவது? கேள்வி பதில்

வீட்டிலேயே பாட்டையும் வாத்தியத்தையும் பதிவு செய்யத் தொடங்குபவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. பாடுவேன், கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன். எந்த மென்பொருளில் தொடங்கலாம்? (ஈரோடு)

மென்பொருளுக்கு இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதே உங்களுக்கு ஒரு வருடம் தாராளமாகப் போதும் (எவை என்பதைக் கீழே திருச்சிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்). பணம் போக வேண்டிய இடங்கள் மூன்று: ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன். ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்கை இன்டர்ஃபேஸோடு இணைக்கும் வயர்), பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை) ஆகியவற்றுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பலர் இவற்றை மறந்துவிட்டு, கடைசியில் மைக்கைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துப் பாடுகிறார்கள்.

இன்டர்ஃபேஸில் ஒரு மைக், ஒரு கிட்டார் போட வசதி இருந்தால் சரி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யுஎம்2 மாதிரியானவை இதற்குப் போதும். கண்டென்சர் மைக் (நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் வகை) வாங்கினால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மின்சாரம் இல்லாமல் அது வேலை செய்யாது. "எல்லாம் அடங்கிய செட்" என்று மைக், ஸ்டாண்ட், பெரிய சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதை வாங்காதீர்கள். பெட்டி நிறைய பொருள் இருக்கும், உருப்படியாக ஒன்று இருப்பது சந்தேகம்.

எங்கள் வீடு தெருவை ஒட்டியது. ஆட்டோ ஹாரன், ஃபேன், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் கேட்கும். டைனமிக் மைக் வாங்கினால் வெளிச்சத்தம் வராது என்கிறார்கள், உண்மையா? (மதுரை)

பாதி உண்மை. டைனமிக் என்பது மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை மைக். அதற்கு வெளிச்சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துத் தள்ளும் சக்தி எதுவும் இல்லை. ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுவார்கள், அதனால்தான் வெளிச்சத்தம் குறைகிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். தெருச் சத்தம் அப்படியே இருக்கும். ஆகவே எந்த மைக்காக இருந்தாலும் முதலில் நெருங்கி வாருங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர், நடுவில் பாப் ஃபில்டர். ரொம்ப நெருங்கினால் குரலில் அடித்தொனி கூடும், அதைக் கேட்டுப் பார்த்து ஒரு விரல் அளவு பின்வாங்குங்கள்.

அடுத்தது திசை. வீட்டுப் பதிவுக்கு நாம் வாங்கும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். சத்தம் வரும் ஜன்னல் மைக்கின் முதுகுக்கு நேரே இருக்கட்டும். அப்படி நின்றால் நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி பாடுவீர்கள், மைக் உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கும். அந்தச் சுவரில்தான் கனமான போர்வையையோ பழைய மெத்தையையோ தொங்கவிட வேண்டும். துணி நிறைந்த திறந்த பீரோ முதுகுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை. வெளிச்சத்தத்தை அது துளியும் தடுக்காது, அறைக்குள் சுற்றும் கனத்த எதிரொலியையும் குறைக்காது.

ஃபேனைப் பாடும்போது நிறுத்தத்தான் வேண்டும். நம் ஊர் வெயிலில் கஷ்டம்தான். ஒரு சரணம் பாடுங்கள், ஃபேனைப் போட்டு ஆறிக்கொள்ளுங்கள், அடுத்ததைப் பாடுங்கள். ஃபேன் சத்தத்தை அப்புறம் மென்பொருளில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் குரலின் ஓரங்களும் சேர்ந்து அழிந்துபோகும்.

உங்கள் தெருவுக்கு நான் டைனமிக்கையே சொல்வேன். வீட்டின் உள்ளறை அமைதியாக இருந்தால் ஆடியோ டெக்னிகா ஏடி2020 போன்ற கண்டென்சரில் குரலின் நுணுக்கம் கூடுதலாகக் கிடைக்கும்.

விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம். ஆடாசிட்டி போதுமா, எஃப்எல் ஸ்டுடியோ வேண்டுமா? (திருச்சி)

ஒரே குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி நல்லது, முற்றிலும் இலவசம். குரல், கிட்டார், தாளம் என்று அடுக்கிப் பாட்டாக்க வேண்டுமானால் ரீப்பர் என்ற மென்பொருள் வசதியானது. 60 நாள் எல்லா வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். அளவில் சிறியது, 8 ஜிபி ரேமில் திணறாது. முதல் வாரம் அதன் திரை மிரட்டும், பயப்பட வேண்டாம். எஃப்எல் ஸ்டுடியோ பீட் அமைத்து இசை உருவாக்குபவர்களுக்கு அருமையானது. ஆனால் அதன் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, உரிமம் வாங்காமல் மறுபடி திறக்க முடியாது. மேக் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், கராஜ்பேண்ட் இலவசம்.

பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறது. தாளமே தப்புகிறது. (சேலம்)

ப்ளூடூத் ஹெட்ஃபோனா? அப்படியானால் அதுதான் காரணம், பதிவுக்கு அது ஆகாது. வயர் என்றால் மென்பொருளில் பஃபர் அளவைப் பாருங்கள், அதாவது கணினி ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளுகிறது என்று. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவெடுப்பு) 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிசெகண்ட் தாமதம். குரல் உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு முறை அந்தத் தாமதம் சேரும். 128 ஆக்கினால் ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்த ட்ராக்கின் (தனியாகப் பதியும் ஒலி வரிசை) மானிட்டரை, அதாவது குரலைத் திருப்பிக் கேட்கவிடும் பட்டனை, அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

ஐயா, மாணவர்களுக்கு அனுப்ப மிருதங்கப் பாடங்களைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மைக் போதுமா? (தஞ்சாவூர்)

பாடத்துக்கு ஒன்று போதும், ஐயா. ஒரு கண்டென்சரை உங்களுக்கு நேர் எதிரே, மிருதங்கத்திலிருந்து முக்கால் மீட்டர் தூரத்தில், கட்டையின் நடுவைப் பார்த்து வையுங்கள். வலந்தலையின் (வலது முகம்) 'நம்', 'தின்' தெளிவாக இருந்து தொப்பி (இடது முகம்) அமுங்கினால் மைக்கைத் தொப்பிப் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். அப்படி நகர்த்தி நகர்த்திக் கேட்பதற்கு அரை மணி நேரம் செலவிடுங்கள், பிறகு தரையில் ஒரு டேப் ஒட்டி அந்த இடத்தைக் குறித்துவிடுங்கள். மாணவனுக்குச் சொற்கட்டு தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதால் அறை எதிரொலி இங்கே பெரிய எதிரி. ஜமக்காளம் விரித்து உட்காருங்கள்.

கச்சேரித் தரத்துக்குப் பதிவு செய்வதானால் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வேண்டும். இரண்டும் எதிரெதிர் முகத்தைப் பார்ப்பதால் ஒலி அலைகள் ஒன்றையொன்று அடித்து, கும்கியின் (தொப்பியில் எழும் அடித்தொனி) கனம் காணாமல் போகலாம். ரீப்பரில் ஒவ்வொரு ட்ராக்கிலும் ஃபேஸை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பும் பட்டன் இருக்கிறது. ஒன்றை மட்டும் திருப்பி, எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அளவைப் பொறுத்தவரை, ஓங்கி அடிக்கும் அடி மென்பொருளின் அளவுகாட்டியில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் கெயினை (மைக்கின் ஒலியைக் கூட்டும் குமிழ்) வையுங்கள். தீர்மானத்தில் (மும்முறை வாசித்து முடிக்கும் இடத்தில்) கை தானாக ஓங்கும், அதற்கு இடம் வேண்டும்.

5½ கட்டையில் பாடுவேன். சுருதிப் பெட்டிச் சத்தம் குரலோடு கலந்துவிடுகிறது, பிறகு பிரிக்க முடியவில்லை. க்ளிக் போட்டுப் பாடலாமா? (சென்னை)

சுருதியை அறையில் ஒலிக்க விடாதீர்கள் அக்கா, ஹெட்ஃபோனுக்குள் ஒலிக்கட்டும். தம்புரா ஆப்பிலிருந்து 5½ கட்டை, அதாவது ஜி ஷார்ப், தனி ட்ராக்காகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் கீபோர்டோ புல்லாங்குழலோ சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஆப்பில் ஏ 440 ஹெர்ட்ஸ் (பொதுவான சுருதி அளவு) என்று இருப்பதை முதலிலேயே உறுதி செய்துவிடுங்கள். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால்தான் உங்களுக்குச் சுருதி நிற்கும் என்றால், தம்புராவை மூடிய காதுக்கு மட்டும் பான் செய்யுங்கள், அதாவது ஒரு பக்கமாகத் திருப்பிவிடுங்கள். கிருதிக்கு வேண்டுமானால் க்ளிக் (வேகம் காட்டும் டக் டக் ஒலி) வைக்கலாம். ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் க்ளிக் வேண்டவே வேண்டாம், மூச்சு கெட்டுவிடும்.

லேப்டாப் சார்ஜர் போட்டதும் 'ஊம்' என்று ஒரு சத்தம். (திருநெல்வேலி)

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஊம் அங்கிருந்துதான் வருகிறது. சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். போனால், எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் தரம் கூடுமா? (பெங்களூரு)

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். அதிலேயே ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி பிடிக்கும், 96 என்றால் இரு மடங்கு. வேலை முடியும்வரை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே வைத்திருங்கள்.

அண்ணா, நான் காலேஜ் மாணவன். ஃபோன் மட்டும்தான் இருக்கிறது. (விழுப்புரம்)

தொடங்கு தம்பி, காத்திருக்காதே. பேண்ட்லேப் ஆப் இலவசம், பல ட்ராக் போடலாம். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் வை, மைக் ஓட்டை எங்கே என்று பார்த்து அதை மூடாமல் ஏதாவது ஒரு ஸ்டாண்டில் நிறுத்து, மெத்தை இருக்கும் அறையில் பாடு. வயர் இயர்ஃபோன் போட்டுக்கொண்டு முதல் ட்ராக்கைக் கேட்டபடி இரண்டாவதைப் பாடு. பணம் சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது ஹெட்ஃபோன், மைக் அப்புறம். உன் பதிவில் என்ன குறை என்று சரியாகக் கேட்க முடிந்த பிறகுதான் எந்த மைக் வேண்டும் என்பது உனக்கே தெரியும்.

கடலோரம் வீடு. கண்டென்சர் மைக் கெட்டுப்போகுமா? (நாகப்பட்டினம்)

ஈரம் அதற்கு ஆகாது, மழைக்காலத்தில் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரலாம். பாடி முடித்ததும் ஸ்டாண்டிலேயே விடாமல், இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். கழற்றுவதற்கு முன் 48 வோல்ட் பட்டனை அணைத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள்.