முகம் தெரிகிறது, வாசித்தவர் தெரியவில்லை

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில் என் மகளோடு உட்கார்ந்து ‘தில்லானா மோகனாம்பாள்’ மறுபடி பார்த்தேன். பள்ளி நாட்களில் அம்மாவோடு பார்த்த படம். இப்போது கதைக்குள் போகவே முடியவில்லை. ‘இதோ நாகேஷ், அது பாலையா, அந்த மகாராஜா நம்பியார்’ என்றே மனசு ஓடுகிறது. ‘அம்மா, கதையைச் சொல்லு, பெயர்ப்பட்டியல் வேண்டாம்’ என்கிறாள் மகள். நாவலைப் படமாக்கும்போது புதுமுகங்களைப் போடுவதுதான் சரியோ? அவளை முதலில் நாவலைப் படிக்கச் சொல்லவா? இன்றைக்கு எடுத்தால் யார் யார் நடிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் கெட்டிக்காரி. நான் அவள் கட்சி.

புதுமுகம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் இதைத் தொடராக எழுதியபோதே ஓவியர் கோபுலுவின் சித்திரங்கள் நாட்டியக்காரி மோகனாவுக்கும் நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்துக்கும் முகம் கொடுத்துவிட்டன. 1968இல் படம் எடுத்த ஏ.பி. நாகராஜன் அந்த முகங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. புதுமுகத்தால் ஆகிற காரியமா அது? சவடால் வைத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணைப் பணக்காரன் வீட்டுக்குத் தள்ளிவிடப் பார்க்கிற ஆள். நாகேஷ் என்பதால் வந்தவுடனே சிரிக்கிறோம். சிரித்த பிறகுதான் அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது உறைக்கிறது. தெரிந்த முகம் இல்லையென்றால் இந்த ஏமாற்று நடக்காது.

சரி, எனக்குக் கோபம் வந்தது உங்கள் பட்டியலைப் பார்த்து. நாகேஷ் உண்டு, பாலையா உண்டு, நம்பியார் உண்டு. படம் முழுக்க நாயனம் ஒலிக்கிறதே, அதை வாசித்தது யார்? அது உங்களுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு இந்தப் படம் வந்தபோது கோயில் நாயனக்காரர் எனக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார். ‘நலந்தானா’ பாட்டு வந்தது. கொட்டகையே மோகனாவாக ஆடும் பத்மினியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியின் விரலையும் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் விரல்கள் வேட்டி மேல், தொடையில், ஓட்டை அடைத்துத் திறந்துகொண்டிருந்தன. “மூச்சு எடுக்கிற இடம் சரியா இருக்குடா” என்றார் என்னிடம். படம் விட்டதும் டீக்கடையில், “அது சிவாஜி வாசிச்சதில்லப்பா, மதுரைக்காரங்க வாசிச்சது” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பொறாமை என்றுகூட ஒருத்தர் சொன்னார். அவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த மதுரைக்காரர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி, அண்ணன் தம்பி. சிவாஜிக்கும் தம்பியாக வரும் ஏ.வி.எம். ராஜனுக்கும் வாசித்தவர்கள் இவர்களே. ‘நகுமோ’ கீர்த்தனையும் அவர்கள்தான், வெள்ளைக்கார மெட்டை வாசித்து ஆளை அசத்துகிற இடமும் அவர்கள்தான். சிவாஜியை நான் குறைக்கவில்லை. இந்தச் சகோதரர்கள் வாசிப்பதைக் கூர்ந்து பார்த்துப் பழகித்தான் அந்தக் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் அவர் கொண்டுவந்தார். கச்சேரியில் நாயனத்தில் செருகி ஊதும் சீவாளியை வாயில் வைத்துப் பதம் பார்க்கிற ஒரு கணம் உண்டு, அதில் வித்வானின் கர்வம் முழுக்கத் தெரியும். சிவாஜி பிடித்தது அந்தக் கர்வத்தை. ஆனால் பார்த்துச் செய்தவரைத் தெரியும், செய்து காட்டியவர்களைத் தெரியாது என்றால் எப்படி?

இத்தனைக்கும் இந்தக் கதையே அதைப் பற்றித்தானே, அம்மா! வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை விட்டார்கள் என்று நாயனத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகிறவன் சண்முகசுந்தரம். என் வாசிப்பைக் கேள், இல்லையென்றால் ஆளை விடு என்பவன். அவன் படத்தைப் பார்த்துவிட்டு நாம் முகங்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். கல்யாண வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? முகூர்த்த நேரத்துக்குக் ‘கெட்டி மேளம்’ என்று விரலை ஆட்டுவதோடு சரி. மேளக்காரர் சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட ஆள் இருப்பதில்லை.

நாவலா? படிக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் படிக்கட்டும். அதற்கு முன்னால் ‘நலந்தானா’வைத் திரையை மூடிவிட்டு ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். சுசீலாவின் குரலுக்கு நாயனம் எங்கே பதில் சொல்கிறது, எங்கே சொல்லாமல் காத்திருக்கிறது என்று அவளே கண்டுபிடிப்பாள். நீங்கள் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லாதீர்கள்.

இன்றைக்கு எடுத்தால் யார் நடிக்கலாம் என்ற விளையாட்டுக்கு நான் வரவில்லை. யார் வாசிக்கலாம் என்று கேட்டு இன்னொரு கடிதம் போடுங்கள், பதில் எழுதுகிறேன்.